சக்கரத்தின் வேகம்

நான் சொன்ன வேகத்தில் சக்கரத்தை ஓட்டியபோது வந்த முதல் இழை நுண்ணோக்கியின் கீழ் எப்படி இருந்தது என்பது இன்னும் நினைவிருக்கிறது. குருணை ஏதுமில்லாமல், ஒரே சீராக, கண்ணாடி மயிர்போல் கிடந்தது. 1991. மண்ணூருக்கு அருகே, உலைச் சுவர்களுக்குள் பதிக்கும் பீங்கான் பஞ்சைத் தயாரித்த சிறிய தொழிற்சாலை ஒன்றில் நான் கெமிஸ்ட். சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

அலுமினாவையும் மணலையும் மின்உலையில் உருக்கி, விரல் பருமன் தாரையாக, சுழலும் எஃகுச் சக்கரங்களின் மேல் விழவைப்பார்கள். சக்கரம் வீசியெறியும் குழம்பு காற்றிலேயே இழுபட்டு இழையாகும். குழம்பு கெட்டியாக இருந்தால் இழை தடிக்கும்; இழையாகாத மிச்சம் குருணையாக உதிரும். ஒரு பெரிய ஆர்டருக்கு மிக மெல்லிய இழை கேட்டார்கள். உலைச் சூட்டை ஏற்றி, சக்கரத்தை இன்னும் விரைவாகச் சுற்றவிட்டால் கிடைக்கும் என்று மூன்று வாரம் சோதித்துப் பார்த்து எழுதிக் கொடுத்தவள் நான்தான். மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினார்.

சக்கரத்தை ஓட்டியவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் மனைவி அடுத்த கூடத்தில் பஞ்சை வெட்டி மூட்டை கட்டும் வேலையில் இருந்தார். புது வேகம் வந்த சில நாளில் அண்ணன் சோதனைக்கூட வாசலில் வந்து நின்றார்.

"மேடம், முன்னெல்லாம் தூசி கீழ வுழுந்துடும். இப்ப வுழ மாட்டேங்குது. அப்டியே மெதந்துகினு கீது."

முகத்தில் துணி கட்டிக்கொள்ளச் சொன்னேன். அதை அறிக்கையில் எழுதவில்லை. இழையின் தடிமன், குருணையின் அளவு, இந்த இரண்டுக்கு மட்டும்தான் அதில் கட்டம் இருந்தது.

அடுத்த கோடைக்குள் அவர் மனைவிக்கு விடாத இருமல். காசநோய் மாத்திரை கொடுத்தார்கள், கேட்கவில்லை. வேகத்தைக் குறைக்கும்படி அண்ணன் இரண்டு முறை மேலாளரிடம் கெஞ்சினார். ஆர்டர் போய்விடும் என்று பதில் வந்தது. ஒருநாள் காலை ஷிஃப்டில் அவர் தாமாகவே பழைய வேகத்துக்கு இறக்கி ஓட்டிவிட்டார். மாதிரி என் மேசைக்கு வந்தது. இழை தடித்திருந்தது. யார் செய்தது, எதற்காக என்பது பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அளந்ததை அளந்தபடியே எழுதினேன். பொய் எழுதக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தூசியைப் பற்றி எழுதாமல் விட்டதும் பொய்தான் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

அன்று மாலையே அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். வீட்டில் வேறு வருமானம் இல்லாததால் மனைவி தொடர்ந்து வேலைக்கு வந்தார். ஒன்றரை ஆண்டில் இறந்துபோனார். பஞ்சுதான் காரணம் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. நான் சாவுக்குப் போகவில்லை.

பல வருடம் கழித்து, அக்கா மகனுக்கு வாடகை அறை பார்க்க இருங்காட்டுக்கோட்டைக்குப் போயிருந்தேன். அந்தக் கட்டடத்தின் காவல்காரர் அண்ணன்தான். முடி முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டு, பழைய வழக்கம்போல் எழுந்து நின்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்குள் என் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"உங்களுக்கு இருமல் எதுனா கீதா மேடம்?"

இல்லை என்றேன். அவர் முகம் தெளிந்தது. நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை.

கருவிகளுக்காக எங்கள் சோதனைக்கூடத்தில் ஏ.சி. போட்டிருந்தார்கள், கதவு எப்போதும் மூடியே இருக்கும்; தூசி உள்ளே வராது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.