பனியில் காய்ந்த மேசைவிரிப்புகள்

ஆலூக்ஸ்னே ஏரிக்கரை விடுதியில் வெல்காவிடம் போய், ‘துணி துவைக்கிறவங்க நீங்கதானா?’ என்று கேட்டால் தொலைந்தீர்கள். படுக்கை விரிப்பு என்றால் பலாக்ஸ், துண்டு என்றால் ட்வியெலிஸ், மேசைவிரிப்பு என்றால் கல்டாவுட்ஸ். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனிச் சூடு, தனி அலமாரி. எல்லாவற்றையும் ஒரே வாயில் ‘துணி’ என்றால் அவளுக்குப் பொறுக்காது. முப்பத்தொரு வருஷமாக அந்தச் சலவை அறை அவளுடையது. இரண்டு பெண்களை இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தே ஆளாக்கியவள்.

ரீகாவிலிருந்து வந்து விடுதியை வாங்கிய ரைட்டிஸுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

“வெல்காக்கா, சனிக்கிழமை கல்யாணத்தோட சலவை அறைய மூடிடலாம்னு இருக்கேன். திங்கட்கிழமையிலேர்ந்து ரீகா சலவைக் கம்பெனி வேன் வந்து துணியெல்லாம் எடுத்துட்டுப் போயிடும்.”

“துணியெல்லாமா? நல்லாயிருக்கு முதலாளி!” என்றாள். போகிறதுதான் போகிறோம், கடைசி வேலையை எவனும் குறை சொல்லக்கூடாது என்று வைராக்கியம் வந்தது.

வெளியே உறைபனி, பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து டிகிரி. கல்யாணத்துக்கான பன்னிரண்டு லினன் மேசைவிரிப்புகளைப் பின்புறக் கொடியில் விரித்துவிட்டாள். மதியத்துக்குள் எல்லாம் பலகையாக விறைத்துவிட்டன. ஜன்னல் வழியே பார்த்த ரைட்டிஸ் பதறி ஓடி, ஒன்றை உருவி மடிக்கப் போனான்.

“ஐயோ, மடக்காதீங்க! விறைச்ச லினனை மடக்கினா நார் முறிஞ்சிடும். கதவு மாதிரி நிமித்திப் பிடிங்க!”

முதலாளி ஒரு முனையைப் பிடித்தான்.

“நாசமாப் போச்சுன்னு நினைச்சேன்.”

“உள்ள போனா இளகிடும். அந்த ஈரத்தோட பெட்டி போடணும். நாளைக்குப் பாருங்க.”

சனிக்கிழமை, மணப்பெண்ணின் அத்தை மேசையில் உட்கார்ந்தவள் தட்டைத் தள்ளிவிட்டு விரிப்பில் மூக்கை வைத்து முகர்ந்தாள். “அடியம்மா! பனியில காயப்போட்ட வாசனை! யாரு செஞ்சா?”

ரைட்டிஸ் தானே சலவை அறைக்கு ஓடி, ஈரக் கையோடு நின்ற வெல்காவைக் கூட்டிவந்து கூடத்தின் நடுவில் நிறுத்தினான். “எங்க வெல்காக்கா” என்றான். கல்யாண வீடே எழுந்து கைதட்டியது. வெல்கா வெட்கப்படவில்லை. தலை நிமிர்ந்து வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை வேன் வந்தது. ரைட்டிஸ் வாசலிலேயே மறித்தான். “தரை துடைக்கிற துணிய மட்டும் எடுத்துட்டுப் போப்பா.”

உள்ளிருந்து வெல்காவின் குரல் வந்தது: “அதையும் வச்சுட்டுப் போகச் சொல்லுங்க. அதுக்கும் ஒரு பேர் இருக்கு.”