பத்தாவது பலகை

என் நாத்தனாருக்குப் பொய் சொல்ல வராது. என் சமையலில் உப்பு கூடிவிட்டால் விருந்தாளிகள் முன்னாலேயே போட்டு உடைத்துவிடுகிறவள். அவள் வாயால் கேட்டதைத்தான் எழுதுகிறேன். நம்புகிறவர்கள் நம்பட்டும். ஆனால் இது நடந்தது.

வருடத்தில் இரண்டு மாதம் அவளுக்கும் அவள் கணவருக்கும் ஆற்றுப் பாதுகாப்பில் தற்காலிக வேலை. முட்டையிடுவதற்காகக் கடலிலிருந்து ஆற்றில் ஏறி வரும் மீன்களை எண்ண வேண்டும். முழங்கால் ஆழமுள்ள ஓர் இடத்தில், எதிர்க்கரையிலிருந்து இந்தக் கரைவரை ஆற்றின் குறுக்கே பத்து வெள்ளைப் பலகைகளைத் தரையோடு தரையாகப் பதித்திருந்தார்கள். ஒன்றாவது பலகை எதிர்க்கரையில். பத்தாவது, இந்தக் கரையில் நின்ற பரணுக்கு நேர் கீழே. பரண் மேல் ஒரு நாற்காலி. நாற்காலிக்குப் பின்னால் உயரமான கம்பத்தில் ஒரு விளக்கு; உட்கார்ந்து எண்ணுகிறவரின் நிழல் பலகைகளில் விழாத உயரம். வெள்ளைப் பலகையைத் தாண்டும்போது மீன் கறுப்பாகத் தெரியும். கையிலிருக்கும் கருவியை ஒரு மீனுக்கு ஒரு முறை அழுத்த வேண்டும். டிக்.

மீன்கள் இரவில்தான் அதிகம் ஏறும். ஒவ்வொரு மணியிலும் முதல் பத்து நிமிடம் எண்ண வேண்டும். ஒரே ஒரு மணி விட்டுப்போனாலும் அந்தப் பருவத்தின் கணக்கே செல்லாது. கணக்கு செல்லவில்லை என்றால் மேலாற்றில் வலை போட இருக்கும் தடை விலகிவிடும். அப்புறம் முட்டையிட வரும் மீன் ஒன்றுகூடத் தப்பாது. ஐம்பத்தொன்பது இரவுகள் பிசகாமல் எண்ணிவிட்டார்கள். அது அறுபதாவது இரவு. கடைசி.

நள்ளிரவு முதல் நாலு மணிவரை அவள் முறை. கணவர் இருநூறு அடி தள்ளிக் கூடாரத்தில் படுத்திருந்தார்.

12:00. முப்பத்தொரு மீன்கள். 12:07-க்கு மூன்றாவது பலகையில் ஏதோ உருண்டையாக, கறுப்பாக நின்றது. மீன் இல்லை. அசையவில்லை. 'மிதந்து வந்த கட்டையாக இருக்கும்' என்று நினைத்தாள். குறிப்பேட்டில் 'பலகை 3, கட்டை' என்று எழுதி வைத்தாள்.

1:00. மூன்றாவது பலகை பளிச்சென்று இருந்தது. கட்டை ஐந்தாவது பலகையில் நின்றது.

எழுதப் போனவள் பேனாவை நிறுத்தினாள். தண்ணீர் இடமிருந்து வலமாக ஓடுகிறது. கட்டை என்றால் நீரோட்டத்தோடு போயிருக்க வேண்டும். குறுக்கே எப்படி வரும்... கரையை நோக்கி?

2:00. ஏழாவது பலகை. இப்போது உருண்டைக்குக் கீழே இரண்டு பக்கமும் அகலமாகத் தெரிந்தது. மீன்கள் அதன் ஓரம்வரை வந்து, திடுக்கிட்டுத் திரும்பின. எண்ணிக்கை நான்குதான். தவளைச் சத்தம் எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வாக்கி-டாக்கியை எடுத்தாள்.

"ஏங்க... முழிச்சிருக்கீங்களா?"

"இல்ல, தூக்கத்துல பேசுறேன். என்ன மகாராணி?"

"பலகை மேல என்னமோ நிக்குது."

"பெரிய மீனா இருக்கும்."

"மீனுக்குத் தோள் இருக்குமா?"

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. "அடுத்த எண்ணிக்கைக்கு வந்துடறேன்."

3:00. பத்தாவது பலகை.

அவள் காலுக்கு நேர் கீழே... தலை. கழுத்து. தோள்கள். சின்னக் குழந்தைகூடப் பார்த்துச் சொல்லிவிடும்.

3:04-க்குக் கணவர் நீளக் கழியோடு கரைக்கு வந்தார். மேலே பார்த்தார். விளக்கு வெளிச்சத்தில் கண் கூசவே, கையால் மறைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார்.

"ஆமாடி... இருக்கு. இறங்கித் தள்ளி விட்டுடறேன்."

"வேணாம்!"

"மீனெல்லாம் திரும்பிப் போகுது. ரெண்டு மாச உழைப்பு."

"தண்ணில கால் வச்சீங்கன்னா நான் உங்க பொண்டாட்டியே இல்ல!"

"அப்ப நீ கீழ வா."

மணி பார்த்தாள். 3:06. இன்னும் நாலு நிமிடம். இப்போது எழுந்தால் அறுபது இரவும் வீண்.

"நாலே நிமிஷம். அங்கயே நில்லுங்க."

உட்கார்ந்தே இருந்தாள். பிடரி சில்லிட்டது. பனி என்று நினைத்தாள்.

க்ரீச்...

பின்னால் பரண் பலகை. குளிரில் மரம் சுருங்கும். திரும்பவில்லை. திரும்பினால் ஒரு மீன் தவறும்.

டிக்.

3:08. நிழல் மெல்ல நழுவியது. பத்தாவது பலகையின் விளிம்பு... அதையும் தாண்டியது.

மறைந்தது.

"கரை ஏறிடுச்சா? பாருங்க!"

"இங்க ஒண்ணும் இல்லடி!"

டிக்.

3:09.

மூச்சுவிடவில்லை.

டிக்.

3:10.

ஏணியில் எப்படி இறங்கினாள் என்று இன்றுவரை அவளுக்கு நினைவில்லை. நாலு மணிக்கு இருவரும் கரையில் கைகோத்து நின்றே எண்ணினார்கள். எந்தப் பலகையிலும் நிழல் இல்லை. கணக்கு பிசகவில்லை. மேலாற்றில் தடை நீடித்தது. இவர் தண்ணீரில் இறங்காமல் தடுத்தோமே என்று அவள் நூறு தெய்வங்களுக்கு நன்றி சொன்னாள்.

இரண்டு நாள் கழித்துச் சாமான்களைக் கழற்றினார்கள். பொழுது சாய்ந்திருந்தது. விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து சாமான் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தாள். விளக்கைக் கழற்ற அவர் பரண் ஏறி அவளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

மூன்றாவது பலகையில் கறுப்பாக ஓர் உருண்டை விழுந்தது.

"ஏங்க... அசையாதீங்க."

அவரும் பார்த்தார். திரும்பி விளக்கைப் பார்த்தார். பிறகு, நின்ற இடத்திலேயே மெதுவாகக் குனிந்தார்.

ஐந்தாவது பலகை.

இன்னும் குனிந்தார்.

ஏழு.

அவர் மோவாய் அவள் தோளில் இடித்தது. பத்து.

"போதும்ங்க..." என்றாள்.

நிழல் பத்தாவது பலகையையும் தாண்டி மறைய வேண்டுமென்றால், அவர் தன் கன்னத்தை அவள் கன்னத்தோடு ஒட்ட வைக்க வேண்டியிருந்தது.

அன்றிரவு தண்ணீரில் எதுவுமே இல்லை.

3:08 முதல் 3:10 வரை, இரண்டு நிமிடம்... அவளோடு கன்னம் சேர்த்து, அதுவும் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.