மட்டம் பிசகாத கொய்யா

சோலைமலை மாமா கொய்யா மரத்துக்கும் கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடிகளின் தலையை மட்டமாக வெட்டி வெட்டியே தோட்டத்தில் ஓய்வு பெற்றார். கத்திக்கு மட்டும் ஓய்வு கொடுக்கவில்லை. எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் மேட்டில் அவர் நட்ட கொய்யாவையும் உயர விடாமல் மேசை போலச் சீவி வைத்தார். பக்கக் கிளை அடித்து அது நன்றாகத்தான் காய்த்தது. அடுத்த வீட்டுக்காரியான நான் அதில் பாதியைத் தின்றவள், வாயைத் திறக்கக் கூடாது. ஆனாலும் சொல்கிறேன், அவ்வளவு அசிங்கமான மரத்தை நான் பார்த்ததில்லை.

போன மழைக்குப் பிறகு அந்த மேசை பள்ளத்துப் பக்கம் தாழ்ந்து தெரிந்தது. மாமா தன் வெட்டுதான் பிசகிவிட்டது என்று நினைத்தார். உயர்ந்து நின்ற மேட்டுப் பக்கத்தைச் சீவினார். கொஞ்ச நாளில் மறுபடி தாழ்ந்தது, மறுபடி சீவினார். காய் பிடிக்க வேண்டிய கொப்பெல்லாம் கத்தியில் போனது.

"ஏம்மா பிரியந்தி, எனக்குக் கண்ணு போச்சும்மா" என்றார். என்னிடம் மட்டுமா, கோயிலில், கடையில், லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. அதே நாட்களில் எங்கள் கதவும் தரையில் உரசிக்கொண்டு மூட மறுத்தது. பலகை மழையில் ஊதிவிட்டதென்று என் வீட்டுக்காரர் அதைச் சீவிவிட்டார்.

கொழும்பில் மேசன் வேலை செய்யும் மாமாவின் மகன் செல்லசாமி தீபாவளிக்கு வந்தான். அவன் பையிலிருந்த ரசமட்டத்தை எடுத்து, புதிதாகச் சீவிய மரத்தின் மேல் பலகை போட்டு மாமா வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. அன்று முழுக்க அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

தீபாவளி முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது; செல்லசாமி கொழும்புக்குத் திரும்ப முடியவில்லை. இன்று காலை சற்று வெறித்தபோது மறுபடி வைத்துப் பார்த்தார். குமிழி மேட்டுப் பக்கக் கடைசிக்கு ஓடி ஒட்டிக்கொண்டது. இடையில் மரத்தில் கத்தி படவே இல்லை. மாமா குனிந்து மரத்தைச் சுற்றி வந்தார். வேருக்கு மேட்டுப் பக்கத்தில் மண் பிளந்திருந்தது. கையை விட்டார், முழங்கை வரை உள்ளே போனது.

"என் கண்ணுல குத்தமில்ல" என்று ஒரு நொடி சிரித்தார்.

பிறகு வீடு வீடாகக் கதவைத் தட்டினார். "மலை எறங்குதுங்க, பள்ளிக்கூடத்துக்குப் போயிருவோம்." யார் நம்புவார்கள்? கண் போச்சென்று ஊரெல்லாம் சொன்னது அவரேதானே. செல்லசாமியே, "அப்பாவுக்கு எல்லாம் கோணலாத்தான் தெரியும்" என்று போர்த்திக்கொண்டு படுத்தான். மகனை விட்டுவிட்டு வர அவன் அம்மா காளியாயி அத்தைக்கு மனமில்லை. எங்கள் கதவோ, அவ்வளவு சீவிய பிறகும், நிலை சாய்ந்து திறக்க முடியாமல் இறுகிக் கிடந்தது. அதை உதைத்துத் திறந்ததால்தான் நாங்கள் நம்பினோம்.

இப்போது பள்ளத்தில், மலைச்சரிவை விட்டுத் தள்ளியுள்ள பள்ளிக்கூட வராந்தாவில் எங்கள் ஒரு குடும்பம் மட்டும் நிற்கிறது. மாமா எங்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, மகனையும் அத்தையையும் இழுத்து வர மறுபடி மேலே போயிருக்கிறார். மழை வலுத்துவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது. லயத்துக் கூரைக்கு மேலே கொய்யா தெரிகிறது. மட்டமாக வெட்டிய மரத்தின் மேசை போன்ற மேல்பக்கம் கீழேயிருந்து பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது. எனக்கு அது முழுசாகத் தெரிகிறது.