சந்தனப் பொட்டு வைத்த ஹெட்லைட்

இப்போதும் யாராவது பெப்பர்மின்ட் பற்பசையில் பல் தீட்டிவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றால், எனக்குக் கார் ஹெட்லைட்தான் ஞாபகத்துக்கு வரும். சிரிக்காதீர்கள்... காரணம் இருக்கிறது.

அப்போது நாங்கள் இந்தக் குளிர் நாட்டில் ரெய்னர்ஸ் லேன் என்ற இடத்தில் இருந்தோம். என்னிடம் ஒரு பழைய வெள்ளி நிறக் கார். என் சம்பளத்தில், நானே போய்ப் பார்த்து வாங்கியது. விடியற்காலை ஷிப்டுக்கு அதில்தான் போவேன். குளிர்காலத்தில் அந்த நேரம் வெளியே கும்மிருட்டாக இருக்கும்.

வயது போகப் போக அதன் இரண்டு ஹெட்லைட்டும் மஞ்சளித்து மங்கிவிட்டன. கார் ரோட்டில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் வருடாந்த எம்ஓடி சோதனையில், வெளிச்சம் போதாது என்று பெயில் போட்டுவிட்டார்கள். திருத்தும்வரை ரோட்டில் ஓட்டக்கூடாது. நான் இரண்டு பஸ் மாறி, நடுங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அந்தக் காரைத் தொலைக்கக் காத்திருந்த என் கணவருக்கு அது நல்ல சாட்டு.

"உதைத் திருத்த உமக்கென்ன விசரே? ஸ்கிராப்புக்குக் குடுத்திட்டு வேறை ஒண்டு பாப்பம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்கடை அம்மாவுக்கும் கண்ணிலை படலம் வந்தது. ஒப்பரேசன் செய்தனாங்களோ, ஸ்கிராப்புக்குக் குடுத்தனாங்களோ?"

சோபாவில் இருந்த மாமிக்கு, அதுதான் அவருடைய அம்மாவுக்கு, வாயெல்லாம் பல். "அப்பிடிக் கேள் பிள்ளை!"

மனிதர் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, வெள்ளிக்கிழமை ரீடெஸ்ட் பாஸ் பண்ணினா வைச்சிரும். இல்லையெண்டா சனிக்கிழமை ஸ்கிராப்காரனை வரச் சொல்லிறன்."

அவ்வளவுதான்... எனக்கு ரோசம் வந்துவிட்டது.

பற்பசை போட்டுத் தேய்த்தால் மங்கல் போகும் என்று வேலையிடத்தில் யாரோ சொன்னார்கள். ஒரு முழு டியூபையும் காலி பண்ணினேன். டிரைவ்வே முழுக்கப் பெப்பர்மின்ட் மணம்! பளிச்சென்றுதான் இருந்தது... ஒரு மழை பெய்யும்வரை. பிறகு பழைய கோலம்.

அடுத்தது மாமி. கையில் பழப்புளி உருண்டையோடு குசினிக்குள்ளிருந்து வந்தார்.

"குத்துவிளக்கே இதிலைதானே பிள்ளை மினுங்குது?"

"மாமி, அது பித்தளை. இது பிளாஸ்ரிக்!"

அவரைத் திருப்பி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பிறகுதான் உட்கார்ந்து ஒழுங்காக வாசித்தேன், வீடியோக்கள் பார்த்தேன். "எல்இடி போடும், பகல் மாதிரி இருக்கும்" என்று கணவர் வேறு. இந்தக் காரின் ஹலஜன் விளக்குக்குள் எல்இடி பல்பைப் போட்டால் டெஸ்டில் திரும்பவும் பெயில்தான் என்று நான் படித்திருந்தேன். அதனால் சட்டத்துக்கு உட்பட்ட, ஆனால் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் தரும் ஹலஜன் பல்புகளையே வாங்கினேன்.

வியாழக்கிழமை எனக்கு லீவு. விளக்கைச் சுற்றி டேப் ஒட்டி, தண்ணீர் தெளித்து, மண்தாளால் உரசத் தொடங்கினேன். முதல் தாள் கரடானது. உரச உரச ஹெட்லைட் பால் மாதிரி வெள்ளையாகிவிட்டது. முன்பிருந்ததை விட மோசம்!

கணவர் ஜன்னலால் எட்டிப் பார்த்தார். "ஐயோ, முடிச்சிட்டீரே!"

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. மாமியின் பழப்புளி அங்கேதான் போனதோ என்னவோ... ஆனாலும் விடவில்லை. அதைவிட மென்மையான தாள், பிறகு இன்னும் மென்மையானது, கடைசியில் பொலிஷ். துணியால் ஒரு இழு இழுத்தேன். கண்ணாடி மாதிரி உள்ளே பல்ப் தெரிந்தது! அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வரப் பார்த்தது, சத்தியமாக.

கை எண்ணெய் படாமல் துணியால் பிடித்துப் புதுப் பல்புகளை மாட்டினேன். மறுபடி மஞ்சளாகாமல் இருக்க மேலே லாக்கர் என்ற தெளிவான வார்னிஷ் அடித்தேன். "காயும்வரை ஒருத்தரும் தொடக்கூடாது!" என்று வீடு முழுக்கக் கேட்கக் கத்திவிட்டு, தேத்தண்ணி போடப் போனேன்.

திரும்பி வந்தால்... கையில் சந்தனக் கிண்ணத்தோடு மாமி. இடது ஹெட்லைட்டின் மேல் மூலையில் வட்டமாக ஒரு பொட்டு! விரல் வலது பக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"மாமீ!"

"ஏன் பிள்ளை கத்திறாய்? இப்பதான் கண் துறந்திருக்கு. நாவூறு படாமல் ஒரு பொட்டு வைச்சனான்."

துடைத்தால் லாக்கர் முழுவதும் இழுபட்டுவிடும். விடிந்தால் ரீடெஸ்ட். பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டேன். பொட்டும் லாக்கரும் ஒன்றாகவே காய்ந்தன.

மறுநாள் டெஸ்ட் பண்ணியவர் குனிந்து அந்தப் பொட்டையே பார்த்தார். "வாட்ஸ் திஸ்?"

"மதர் இன் லோ" என்றேன்.

அவருக்கு அது போதுமாக இருந்தது. வெளிச்சம் அளக்கும் மெஷினை முன்னால் வைத்தார். நான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் நிமிர்ந்து, "பாஸ். ஹூ டிட் த லைட்ஸ்?" என்று கேட்டார்.

"மீ!"

இந்த நாட்டில் எத்தனையோ இன்டர்வியூவில் ஆங்கிலம் பேசியிருக்கிறேன். அந்த ஒரு சொல்லைப் போல நெஞ்சை நிமிர்த்தி எதையும் சொன்னதில்லை.

நான் வீட்டுக்கு வந்து சொன்னதும் கணவர் போனை எடுத்தார். "இல்லையண்ணை, நாளைக்கு வரத் தேவையில்லை... ஓம்... மனுசி தானே திருத்திப் போட்டா." அந்தத் 'தானே'யில் ஒரு அழுத்தம் இருந்தது பாருங்கள்! நான் கேட்காதது போல நின்று முழுவதையும் கேட்டேன்.

இப்போது இருப்பது புதுக் கார். இருட்டினால் தானே லைட் போடுகிறது, எதிரில் வண்டி வந்தால் தானே தாழ்த்துகிறது. வசதிதான். ஆனால் ஒரு பல்ப் மாற்றவும் கராஜுக்குத்தான் போக வேண்டும். என் கைக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. பொட்டு வைக்க மாமியும் இப்போது இல்லை.

வீடு மாறும்போது அந்தப் பழைய காரை விற்றுவிட்டோம். போன மாதம் வால்தம்ஸ்டோவில் ஒரு சிக்னலில் நின்றேன். எதிரே வெள்ளி நிறத்தில் ஒரு கார். நிறைய ஓடிக் களைத்த கார், பம்பரில் கீறல்... ஆனால் ஹெட்லைட் இரண்டும் பளிங்கு மாதிரி. ஒன்றின் மேல் மூலையில் சின்னதாய் ஒரு மஞ்சள் வட்டம்!

பச்சை விழுந்தது. நான் லைட்டை ஒருமுறை அடித்தேன். அந்தக் காரை ஓட்டி வந்த பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் சிரித்தபடி திருப்பி அடித்தாள்.

என்ன வெளிச்சம் தெரியுமா!