நயாகரா படம் பார்த்து ஸ்பெயினுக்கு அனுப்புகிறவள்

"இதுல உங்க மாமியார் எங்க?" என்று மெஹர் நிஷா கேட்கும்போது அவள் கையில் நயாகரா படம் இருக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் ஸ்பெயின் போவதற்கு யோசனை கேட்க வந்தவர்கள். "அத்தை கார்லயே உக்காந்துட்டாங்க, முட்டி வலி" என்று மருமகள் சொன்னதும் இவள் தலையை ஆட்டுவாள். "அப்ப கிரனடா வேணாம். ஊரே மேடு. வலென்சியா போங்க, சமதரை. அரிசி விளையிற ஊரு வேற."

அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் குடியிருப்பில் மாடி வீடு அவளுடையது, கீழ் வீடு என்னுடையது. அவளுக்கு முப்பத்தாறு வயது. கூத்தாநல்லூர்க்காரி. கணவர் உஸைர் ஒரு மருந்துக் கம்பெனியில் கணினி வேலை பார்க்கிறார். இவளுக்கு வாய்த்திருப்பது மனைவிமார் விசா, அதில் வேலைக்குப் போகக் கூடாது. ஊரில் ஒரு டிராவல்ஸில் நாலு வருஷம் மக்காவுக்கு உம்ரா டிக்கெட் போட்டுக் கொண்டிருந்தவள் சும்மா இருப்பாளா? எதிர் பிளாக் குடும்பம் ஒன்றுக்கு ஒருமுறை ஸ்பெயினில் இருக்கிற அல்ஹம்ப்ரா அரண்மனைக்கு அனுமதிச் சீட்டு எடுத்துக் கொடுத்தாள். அவர்கள் திரும்பி வந்து, ஆஹா ஓஹோ என்று ஊரெல்லாம் சொல்லித் தொலைத்தார்கள். பிடித்தது சனி. சனிக்கிழமை காலையில் அவள் வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது.

ஸ்பெயினை அவள் பார்த்ததே இல்லை. நூலகத்துப் புத்தகங்களும் இன்டர்நெட்டும் போய் வந்தவர்கள் வாயும்தான் அவளுடைய ஸ்பெயின். ஆனால் ஊரைவிட ஆளைப் பார்ப்பதுதான் வேலை என்பது அவள் கட்சி. அதற்குத்தான் நயாகரா. இந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம் எதுவாக இருந்தாலும், வந்த முதல் கோடையில் புளிசாதம் கட்டிக்கொண்டு நயாகரா போயிருக்கும். ஆல்பம் இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவாள். "வாயால கேட்டா எல்லாரும் எனக்கு ஹிஸ்டரி புடிக்கும்னுதான் சொல்லுவாங்கக்கா. போட்டோ பொய் சொல்லாது."

படத்தில் கைப்பையை நாற்காலியில் மாட்டிவிட்டுச் சிரிக்கிற பெண்ணுக்குப் பார்சிலோனா கிடையாது. "அஞ்சு நிமிசத்துல பையைத் தூக்கிட்டுப் போயிடுவான்." எல்லாப் படத்திலும் கையைக் குடையாக நெற்றியில் வைத்து நிற்கிற ஆளுக்கு ஜூலையில் செவில் கிடையாது. "அக்னி நட்சத்திரத்துக்கு டிக்கெட் எடுத்துட்டுப் போவாங்களா?" அவர்களுக்கு வடக்கே, மழை பெய்கிற சான் செபாஸ்டியன். புருஷனும் பெண்டாட்டியும் படத்துக்குப் படம் தள்ளித் தள்ளி நின்றால் மயோர்க்காத் தீவு. "கடற்கரையில பேசாம படுத்துக்கலாம். மியூசியம்னா எந்தப் பக்கம் போறதுன்னே சண்டை வரும்." இதைச் சம்பந்தப்பட்டவர்களிடம் சொல்ல மாட்டாள். அவர்கள் போன பிறகு என்னிடம் சொல்வாள். சர்க்கரை வியாதிக்காரர்களைக் கண்டால் தனியாக ஒரு பிரசங்கம் உண்டு. அந்த ஊர் ஓட்டல்களில் ராத்திரி ஒன்பது மணிக்கு முன்னால் அடுப்பே பற்ற வைக்க மாட்டார்களாம்.

இதெல்லாம் கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் அவளைப்போல் பயந்த ஜீவனை நான் பார்த்ததில்லை. போவது அவர்கள், கவலை இவளுக்கு. விமானம் இறங்கும்வரை சோறு இறங்காது. கணினியில் விமானம் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். வலென்சியாவில் தூறல் என்றால் இங்கே என் கதவைத் தட்டுவாள். "அக்கா, அந்தப் புள்ள ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போச்சான்னு தெரியலையே!" எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. "போனவங்க ஜாலியா இருக்காங்க, நீ ஏண்டி சாகறே?" என்பேன். சிரிப்பாள். மறுபடி வெதர் பார்ப்பாள்.

காரணம் இல்லாமல் இல்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் உஸைர் பாஸ்போர்ட்டில் விசா முத்திரை குத்தி வரச் சென்னைக்குப் போனார். இரண்டு வாரம் என்று போனவரை, பெயரைச் சரிபார்க்க வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். நூற்றுப் பன்னிரண்டு நாள். இங்கே பனியில் இவளும் கைக்குழந்தை ஜைதும். கார் ஓட்டவும் தெரியாது அப்போது. அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் யாரும் இந்த நாட்டு எல்லையைத் தாண்டவில்லை. "வெளிய போறது ஒண்ணுமே இல்லக்கா. உள்ள வர்றதுதான்" என்பாள். அதனாலேயே யார் வந்தாலும் முதல் கேள்வி, விசா முத்திரையின் தேதி என்ன என்பதுதான். அது கேட்டுத்தான் நயாகராவே.

ஒரே ஒரு குடும்பத்திடம் அதைக் கேட்கவில்லை.

பாலசுப்ரமணியன், ஷ்யாமளா, ஏழு வயது மானஸா. அவர்கள் ஆல்பத்தில் அருவி நேர் எதிரே விழுந்துகொண்டிருந்தது. கனடாக் கரையில் நின்றால்தான் அப்படி விழும். அதற்கு முந்தின மாதம், ஒரு சனி ஞாயிறில் மறுபடி போய் எடுத்த படம். கனடா போய்த் திரும்பி வந்திருக்கிறார்கள் என்றால் முத்திரையெல்லாம் சரியாகத்தானே இருக்கும் என்று இவளே மனதுக்குள் கேள்விக்கு டிக் போட்டுவிட்டாள். அப்புறம் ரொம்ப நேரம் மானஸாவோடுதான் பேச்சு. "உனக்கு என்னடா புடிக்கும்?" என்று கேட்டால் அது, "டால்ஃபின்ஸ், அண்ட் நோ மோர் டெம்பிள்ஸ் ப்ளீஸ்" என்றது. வலென்சியாவில் பெரிய மீன்காட்சி சாலை, ஐந்து நாள், சமையலறையோடு வீடு. அன்று முழுக்க மெஹர் சந்தோஷமாக இருந்தாள்.

அவர்கள் கிளம்புகிற வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் லீவில் இருந்தேன். மாடியில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவள் வழக்கம்போல் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். பேச்சோடு பேச்சாக, "எங்களுக்கு ஸ்டாம்பிங் எக்ஸ்பைர் ஆயிதான் இருந்தது, போன வருஷம் டொரண்டோ போயிட்டு அப்படியே டிரைவ் பண்ணி வந்துட்டோமே" என்றேன்.

"எப்படி விட்டான்?"

சொன்னேன். முத்திரை தீர்ந்தாலும் வேலை அனுமதியை நீட்டித்திருந்தால் போதும். கனடாவுக்குப் போய் முப்பது நாளுக்குள் திரும்பினால் பழைய முத்திரையோடே உள்ளே விடுவார்கள். பக்கத்து நாட்டுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. கடல் தாண்டினால் கிடையாது.

டம்ளரை அவள் மேஜையில் வைக்கவில்லை, தரையிலே வைத்தாள். "யா அல்லாஹ். நான் பாலு அண்ணன்கிட்ட தேதி கேக்கல."

"இருக்கும்டி. ஸ்பெயின் விசா கொடுத்திருக்கானே."

"அதுக்கு வேலை நீட்டிச்ச அப்ரூவல் பேப்பர் காமிச்சாங்கக்கா. நான்தான் காப்பி எடுத்து அடுக்கிக் குடுத்தேன்." சொல்லும்போதே நம்பரை அழுத்திக்கொண்டிருந்தாள். பாலு எடுக்கவில்லை. ஷ்யாமளா எடுக்கவில்லை. மறுபடி பாலு. விமானத்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. நான் கார் சாவியை எடுத்துவிட்டேன். எடுத்து என்ன செய்ய? வெள்ளிக்கிழமை சாயங்காலம் டர்ன்பைக் நெடுஞ்சாலையில் நெவார்க் விமான நிலையம் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் அட்லாண்டிக் மேலே இருப்பார்கள். ஸ்பெயினிலிருந்து இங்கே திரும்ப முடியாமல் சென்னைக்குப் போய் முத்திரைக்கு நிற்க வேண்டும். பாலுவின் ஆபீஸில் அந்தக் கோடையில் ஏற்கெனவே பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் காணாமல் போகிறவனுக்காக யார் நாற்காலியை வைத்திருப்பார்கள்? அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பதினான்காவது தடவை பாலு எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டாள். விமான நிலைய இரைச்சல்.

"என்ன மெஹர், பெட்டியெல்லாம் போட்டாச்சு. செக்யூரிட்டி லைன்ல நிக்கறோம்."

"அண்ணே, பாஸ்போர்ட்டைத் திறங்க. அமெரிக்கா விசா ஒட்டியிருக்கும்ல, அதுல தேதி படிங்க."

"அதெல்லாம் ரெண்டாயிரத்துப் பத்து வரைக்கும் இருக்கும்மா."

"அது பேப்பர்ல அண்ணே. ஒட்டியிருக்கறதப் படிங்க. உங்க காலப் புடிச்சுக் கேக்குறேன், படிங்க."

பக்கம் புரளும் சத்தம்கூடக் கேட்ட மாதிரி இருந்தது எனக்கு. "ஜனவரி பதினொண்ணு" என்றார். கொஞ்சம் கழித்து, "ரெண்டாயிரத்து எட்டு." அன்று தேதி ஆகஸ்ட் ஒன்று.

"போகாதீங்க அண்ணே. போனா உள்ள வர முடியாது. கனடாவுக்கு மட்டும்தான் அது. போகாதீங்க."

"நாங்க அப்படியே வந்தோமே... ஒண்ணும் கேக்கலையே..." அவர் குரல் தேய்ந்துகொண்டே போனது. போன் கை மாறியது. ஷ்யாமளா.

இங்கே வந்து ஆறு வருஷத்தில் ஷ்யாமளா எடுத்த முதல் லீவு அது. அவளைக் குற்றம் சொல்ல நான் யார்? ஆனால் அவள் போட்ட சத்தம் இருக்கிறதே! "முட்டி வலி கேட்டீங்க, சுகர் கேட்டீங்க, குழந்தை நைட்டு எத்தனை தடவை எழுந்துக்கும்னு கேட்டீங்க. இதை ஏன் கேக்கலை? மூணு மாசமா என்னதான் பண்ணிண்டிருந்தீங்க? பெட்டி உள்ளே போயாச்சு. இந்தக் குழந்தைகிட்ட நான் என்ன சொல்லுவேன்?" பின்னால் மானஸா அழுவது கேட்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவள் மட்டும் கூப்பிட்டிருக்காவிட்டால் உன் கதி என்னடி ஆகியிருக்கும் என்று கேட்கப் போனைப் பிடுங்கப் பார்த்தேன். மெஹர் என் கையை விலக்கினாள். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு, எதிரே ஷ்யாமளா நிற்பதுபோல் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஆமாம்மா. என் தப்புதான். ஆமாம்மா."

ஒரு கட்டத்தில் அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். இணைப்பு அறுந்த பிறகு வருகிற பீப் பீப் சத்தம் எனக்கே கேட்டது. மெஹர் நிஷா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டு, "சொல்லுங்கம்மா, கேக்குறேன்" என்றாள்.