நார்வே எப்படி வெளிநாடு?

அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் கோதுமை பயிரிடும் தோர்வால்டுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. நிலத்தை விற்றால்தான் ஓய்வு. வெளிநாட்டு அரசுகளின் கம்பெனிகள் விளைநிலம் வாங்கக் கூடாது என்ற சட்டத்துக்காக ஊர் ஊராகப் போய்க் கையெழுத்து வாங்கியவரும் அவர்தான். சட்டமும் வந்துவிட்டது. இப்போது நல்ல விலையோடு ஒரு கம்பெனி வந்தது. வக்கீல் கரின் விசாரித்துவிட்டுக் கையை விரித்தாள்.

"விக்க முடியாது மாமா. அது நார்வே அரசாங்கத்தோட கம்பெனி."

"நார்வே எப்படிம்மா வெளிநாடாகும்? எங்க பாட்டன் பொறந்த ஊரு. அவங்க நாத்த மீனைக் கிறிஸ்துமஸ் தவறாம தின்னுக்கிட்டிருக்கேன்."

"மீனுக்கெல்லாம் சட்டத்துல சலுகை இல்ல மாமா."

அந்த விதைப்புக்கும் தோர்வால்ட் முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு டிராக்டரில் ஏறினார். கீழே நின்ற மனைவி ஆர்டிஸ், "பாத்து ஏறுங்க, சட்டம் கொண்டாந்தவரே" என்றாள்.