வேற்றுக்கிரகப் பிரதமரின் குரல்

விழுப்புரத்தில் நான் ஏறிய ரயிலில் எதிரே இருந்த அம்மாள் பேசுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் தொண்டையைச் செருமிக்கொண்டார். மெலிந்த உடம்பு, இறுக்கி முடிந்த நரைத்தலை. நான் விடாமல் பார்க்கும் விண்வெளித் தொடரில், இரண்டு கிரகங்களின் போரை நிறுத்திய வேற்றுக்கிரகப் பிரதமருக்குத் தமிழ்க்குரல் கொடுப்பவர் அவர்தான் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது.

"அடுத்த சீசன்ல அவங்க என்ன பண்றாங்க?" என்றேன்.

"செத்துப்பூடுறாங்க. நேத்துதான் அதப் பேசிட்டு வந்தேன்," என்றார். "அவங்க வாயத் தொறந்தா சபையே எழுந்து நிக்கும். வூட்ல நான் பேசிக்கினு இருந்தா கேக்க ஆளில்லீங்க."

திண்டிவனத்தில் "வர்றேங்க" என்று இறங்கிப்போனார்.

அடுத்த சீசன் வந்ததும் பிரதமர் சாகும் அந்தக் காட்சியைப் பார்த்தேன். பிரதமரைச் சுற்றி ஒரு கூட்டமே அழுதுகொண்டு நின்றது. "யாராவது என் பக்கத்துல இருங்க" என்றது அந்த அம்மாளின் குரல். அது எழுதிக் கொடுத்த வசனமா, அவராகவே சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.